செவலைக் காளை காணாமற்போன விதம் குறித்துக் கறிச் சித்தப்பா சொன்னது

ஊரில் என்னைக் கறிச் சித்தப்பா என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை என் மனைவி கோபம் வரும்போது மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதால் இங்கே விரயம் செய்ய விருப்பமில்லை. வயது அறுபத்திரண்டு. பார்வைக்கு நாற்பத்தெட்டு என்று சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டதற்குக் காவல் நிலைய எழுத்தர் ஐயா மறுத்துவிட்டார். தொழில், கறிமாடு வளர்த்து, கொழுக்க வைத்து, இடையில் தரகர் யாரும் இல்லாமல் ஊர்க் குடும்பங்களுக்கு நேராகப் பங்கு போட்டு விற்பது. விலாசம், தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கும் இடத்தில், பச்சைத் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வீடு. தகப்பனார் காலமாகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் என் மைத்துனனைப் பார்த்த அன்று காலமாகியிருப்பார்.

எந்தவிதக் கட்டாயமும் மிரட்டலும் இல்லாமல், ஒரே ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுக்கப்பட்ட நிலையில், யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று இந்த மேஜையின் மீது கை வைத்து உறுதி கூறுகிறேன். யாராவது நம்பிவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

என் மேல் புகார் கொடுத்திருப்பவன் என் மனைவியின் தம்பி. ஊரில் அவனுக்கு மைக்செட் என்று பெயர். வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். பங்குக்குப் பதிவு செய்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய செவலைக் காளையை நான் எங்கேயோ ஒளித்து வைத்து, வாங்கியவர்களையும் அவனையும் ஏமாற்றிவிட்டேன் என்பது புகார். அவனை ஏமாற்றுவதற்கு ஒரு காளையை ஒளிக்க வேண்டிய அவசியமில்லை என்றும், ஒரு கதவைச் சாத்தினாலே போதும் என்றும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் வருடத்துக்கு மூன்று கன்றுகளுக்கு மேல் வாங்குவதில்லை. தாய்ப்பால் மறந்த கன்றாக வாங்கி, காயடித்து, இரண்டு வருடம் புல்லில் விட்டு, கடைசி மாதங்களில் தனித் தடுப்புக்குள் கொண்டுவந்து மக்காச்சோள மாவும் தவிடும் காய்ந்த புல்லும் கொடுத்து நிறுத்துவேன். வால் முளைக்கும் இடத்தில் விரலை வைத்தால் எலும்பு தட்டக்கூடாது. மெத்தைபோல் அழுந்த வேண்டும். அதுவரை யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். மந்திரி வந்து கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. பக்கத்து நாட்டு ராஜா ஆள் அனுப்பினார், அந்த ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். சந்தையில் மாட்டைக் கம்பால் அடித்து, வண்டியில் நெருக்கி அடைத்து, மூன்று ஊர் சுற்றிக் கொண்டுபோய் விற்கிறவர்களும் மாட்டு வியாபாரிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு விளக்கு வைத்துக் கறியை விற்கிறவர்கள் அவர்களையும் மிஞ்சியவர்கள். என்னிடம் வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கறி சரியில்லை என்றால் முடிவெட்டும் கடையில், கண்ணாடிக்குள் அதே முகத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். தரகன் என்றால் சந்தைக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். நான் எங்கே போய் ஒளிவேன்?

அதன் பிறகு மைக்செட் என் தொழிலுக்குள் வந்தான். அவன் இதற்கு முன் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்றான், அதன் பிறகு தொப்பை குறைக்கும் பெல்ட் விற்றான், அதன் பிறகு மிஷினை வாங்கியவர்களும் பெல்ட்டை வாங்கியவர்களும் சேர்ந்து தேடியதால் என் வீட்டு மாடி அறையில் வந்து தங்கினான். என் மனைவி, "தம்பி சும்மாதானே இருக்கான், விற்பனைய அவன் பாத்துக்கட்டும். உங்களுக்குச் சிரிச்சுப் பேசத் தெரியாது" என்றாள். சிரிப்பதற்கு மாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு இரண்டு நாள் எனக்குச் சோறு மேஜைக்கு வரவில்லை, நானே போய்ப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவன் விற்பனை மேலாளர் ஆனான். ஒரு தொப்பி வாங்கினான். அந்தத் தொப்பியைத் தவிர அவன் தொழிலில் போட்ட முதலீடு எதுவும் இல்லை. கொட்டகைப் பக்கம் வந்ததே கிடையாது, வாசம் ஒத்துக்கொள்ளாதாம். மாட்டின் பின்னால் நின்று ஒரு வார்த்தை பேசாதவன், மாட்டைப் பற்றிப் போனில் ஆயிரம் வார்த்தை எழுதினான். சங்கீதம் கேட்டு வளர்ந்த காளை என்று எழுதினான். அது கேட்ட ஒரே சங்கீதம் நான் சாணி அள்ளும்போது இவனைத் திட்டுவது.

செவலை மூன்றில் மூத்தது. நிறம் நன்றாக வெந்த செங்கல் நிறம். எடை என்னவென்று கேட்டால், அது தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போகும்போது பக்கத்து ஊரில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வெயிலில் நின்றால் அதன் நிழலில் ஒரு கல்யாணப் பந்தியை உட்கார வைக்கலாம். இவ்வளவு இருந்தும் கோழிக்குஞ்சு குறுக்கே போனால் ஒதுங்கி வழிவிடும் சாது. கசாப்புக்காரரிடம் நாள் சொல்லி, வண்டி சொல்லி, எல்லாம் முடிந்திருந்தது. அறுப்புக்குப் போகும் மாடு அன்றைக்கும் முந்தைய நாளைப் போலவே சாப்பிட்டு, படுத்து, அசைபோட்டு, தெரிந்த ஆளின் பின்னால் நடந்து போக வேண்டும். இந்தத் தொழிலின் ரகசியம் இவ்வளவுதான்.

அதன் பிறகு மைக்செட், எனக்குத் தெரியாமல், வண்டி வரும் அன்று காலையில் "உங்கள் காளையை நேரில் சந்தியுங்கள்" என்று ஊருக்கே அழைப்பு விட்டிருந்தான். காலையில் நான் தீவனக் கூடையோடு வெளியே வந்தபோது கொட்டகை வாசலில் ஒரு கோடிப் பேர் நின்றார்கள். எழுத்தர் ஐயா முப்பது பேர் என்று எழுதிக்கொண்டார். அவர் அப்போது அங்கே இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். கறி தின்னத் தெரிந்தவர்கள், கறி எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் கேள்விப்பட்டவர்கள். ஜிம் மாஸ்டர் தடுப்புக் கம்பிக்குள் கையை விட்டுச் செவலையின் தொடையைத் தட்டி, "சித்தப்பா, புரோட்டீன் எந்தப் பக்கம் ஜாஸ்தி?" என்றார்.

"பின்பக்கம்தான் தம்பி. வாலத் தூக்கிப் பாருங்க."

அவர் தூக்கப் போனார். நல்லவேளையாகப் பல் டாக்டரம்மா குறுக்கே வந்தார். அவர் செவலை வாயைத் திறந்த சமயம் எட்டிப் பார்த்து, "ஐயையோ, மேல் வரிசையில முன்பல்லே இல்லையே! கிழட்டு மாட்ட எங்க தலையில கட்டறீங்களா?" என்று சத்தம் போட்டார். மேல் முன்பல் உலகத்தில் எந்த மாட்டுக்கும் கிடையாது. "நீங்களே ஒரு செட்டு கட்டி விடுங்கம்மா, கடைசி நேரத்துல அழகா இருக்கும்" என்றேன். மைக்செட் என் காதருகே வந்து, "மாமா, கஸ்டமர்கிட்ட இப்படியா பேசறது? கொஞ்சம் ஓரமா நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். என் கொட்டகையில் என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். நான் நின்றேன். அவன் அக்காள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே காரணம்.

அதன் பிறகு அவன் ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகளைத் தடுப்பின் இரு பக்கமும் வைத்தான், அதன் பிறகு வரவேற்புரை ஆற்றினான், அதன் பிறகு பறக்கும் கேமரா ஒன்றைச் செவலையின் தலைக்கு மேல் இறக்கினான், அதன் பிறகு பாட்டைப் போட்டான். நான் "நிறுத்துடா" என்று கத்தியது சந்திரனில் கேட்டது. அவன் காதில் விழவில்லை.

செவலை தடுப்பைத் தாண்டவில்லை. தடுப்பு இருந்ததையே அது கவனிக்கவில்லை. கம்பி, கட்டை, ஒரு ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனது. ஒலிபெருக்கியில் வரவேற்புரை ஓடிக்கொண்டே இருந்ததால் போன வழியெல்லாம் மக்களை வரவேற்றுக்கொண்டே போனது. டயர்க் கடைக்குள் ஒரு வாசலில் நுழைந்து, வாசல் இல்லாத பக்கமாக வெளியே வந்தது. மரச்சாமான் கடையில் தேக்குக் கட்டிலில் ஏறிக் கொஞ்சம் யோசித்தது; முதலாளி பழக்கதோஷத்தில் தவணை வசதி உண்டு என்று சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் எதிரே வந்தது. உள்ளே இருந்த பெண்மணி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொண்டார், ஒரே மூச்சில், நெடுஞ்சாலை வரைக்கும். போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். அது நின்று, இடம் வலம் பார்த்து, மறுபடி ஓடியது. அந்தச் சந்திப்பில் சட்டத்தை மதித்த முதல் வாகனம் அதுதான் என்று அவரே சாட்சி சொல்லுவார்.

நான் பின்னால் ஓடவில்லை. ஓடும் மாட்டைத் துரத்தினால் அது இன்னும் ஓடும். தீவனக் கூடையோடு நடந்து போனேன். கால்வாய்க் கரையில், பம்பு ஷெட்டுக்குப் பின்னால், அது நின்றிருந்தது. வாயில் நுரை. விலா அடித்துக்கொண்டிருந்தது. தோல் தனியாகத் துடித்தது. என் குரலைக் கேட்டும் தலையை என் பக்கம் திருப்பவில்லை. துண்டை நனைத்து அதன் முதுகில் போட்டேன். இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு வண்டி அங்கேயே வந்தது. கசாப்புக்காரர் இறங்கினார், மைக்செட் இறங்கினான்.

"ஏத்துங்க மாமா. ஜனம் மொத்தமும் அங்க பையோட காத்துக்கிட்டு இருக்கு."

"இன்னைக்கு இது போகாது மச்சான். மிரண்டு ஓடின மாடு. இப்பவே அறுத்தா கறி கருத்துப் போகும். பிசினாட்டம் ஒட்டும், சீக்கிரம் கெட்டும் போகும். ரெண்டு நாளு சும்மா விடணும். தின்னு, தண்ணி குடிச்சு, படுத்து எழுந்திருக்கணும்."

"கருத்தா என்ன? கறுப்புக் கறி, ஸ்பெஷல்னு போட்டு இன்னும் கூட விலைக்கு விப்பேன்."

இதை அவன் சொன்னான். இந்த வாக்கியத்தை மட்டும் நான் கொஞ்சமும் பெருக்கவில்லை, பெருக்க இடமில்லை. கசாப்புக்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சித்தப்பா சொல்றதுதான் சரி. ஆனா புக் பண்ணினது இவரு. ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டார். உலகம் அழியும் நாளிலும் அவர் இரண்டு பேரையும் பேசி முடிக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.

அந்தக் கறி அன்று வீடுகளுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உதவி ஆய்வாளர் ஐயா யோசிக்க வேண்டும். பையைத் திறந்ததும் செத்த மாட்டை அறுத்துக் கொடுத்துவிட்டான் என்பார்கள். பல் டாக்டரம்மா நான் முன்னமே சொன்னேன் என்பார். கொட்டகையில் இன்னும் இரண்டு நிற்கின்றன. அவற்றை ஒருவரும் பதிவு செய்ய மாட்டார்கள். அதன் பிறகு நான் எந்தத் தரகனை இருபது வருடமாகக் காறித் துப்பினேனோ, அவன் வாசலில் போய் இரண்டு கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மைக்செட்டுக்கு என்ன? தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பெல்ட் விற்கப் போவான்.

அதன் பிறகு மைக்செட் கூட்டத்தைச் சமாளிக்கப் போனான். போகும்போது, "வரும்போது மாடு வண்டியில இருக்கணும்" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனான். அவன் திரும்பி வந்தபோது மாடு வண்டியிலும் இல்லை, கரையிலும் இல்லை.

எப்படிப் போனது என்று உதவி ஆய்வாளர் ஐயா கேட்டார். நான் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்தேன், அந்த நேரத்தில் மேகம் ஒன்று தாழ்வாக வந்தது, நிமிர்ந்தபோது செவலை அதன் மேல் நின்று எனக்கு விடை கொடுத்தது என்று சொன்னேன். ஐயா அதை ஏற்கவில்லை. அதன் பிறகு, அது டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதாகச் சொன்னேன். எந்த வழித்தட எண் என்று கேட்டார். அன்று அந்த வழியில் பஸ் இல்லை என்று காவலர் ஒருவர் இடையில் சொல்லிக் கெடுத்துவிட்டார். அதன் பிறகு, அது மைக்செட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவனைப் போலவே நடந்து போய்விட்டது, வழியில் பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இன்றைக்கு மட்டும் மேலாளர் கொஞ்சம் நிதானமாகப் பேசினார் என்று மட்டும் சொன்னார்கள் என்று சொன்னேன்.

"யோவ் சித்தப்பா, மாடு எங்கய்யா?"

"அதைத்தான் வரிசையா சொல்லிக்கிட்டு வரேன் ஐயா. நடுவுல கேட்டா எனக்கு முதல்லேர்ந்து வரணும்."

முதலிலிருந்து வந்தேன். எழுத்தர் ஐயாவின் பேனா தீர்ந்தது. வேறு பேனா வாங்கி வரப்பட்டது. அதன் பிறகு இரண்டு காவலர்கள் என் கொட்டகையைச் சோதனை போட்டார்கள். அங்கிருந்த இரண்டு காளைகளும் ஒத்துழைத்தன, வாக்குமூலம் எதுவும் தரவில்லை. கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்கள். என் செவலையைக் கட்டிலுக்கு அடியில் தேடியவர்களின் மரியாதையை முன்னிட்டு அவர்கள் யாரென்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் என்னை வீட்டுக்கு அனுப்பி, காலையில் வரச் சொன்னார்கள். வந்தேன். விட்ட இடத்திலிருந்து சொல்லாமல் என் பிறப்பிலிருந்து தொடங்கினேன்.

நேற்று மதியம் என் மனைவி சாப்பாடு கொண்டு வந்தாள். மைக்செட்டும் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீயே கேளு. ஊருக்கு முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டாரு."

"அதுக்கு ஊரைக் கூப்பிட்டது யாருடா? நான் கூப்பிட்டேனா? மாட்டுக்கு முன்னாடி பாட்டுப் போடச் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க சிரிக்காதீங்க. மாட்டை எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லித் தொலைங்க, ஸ்டேஷன் பெஞ்சில உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு" என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் தம்பியை முதலில் திட்டி என்னை இரண்டாவதாகத் திட்டியது இதுதான் முதல் தடவை. அதற்காகவே இன்னும் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. இன்று காலையிலும் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது செவலை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த நிலையத்தின் மதில் சுவருக்கு அடுத்த பக்கம், ரோட்டில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் நகராட்சிப் பட்டியில் இருக்கிறது. அன்றைக்கு மைக்செட் கூட்டத்தைப் பார்க்கப் போனதும், கால்வாய்க் கரையோடு, அது நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்று, மெதுவாக நடத்திக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். யார் மாடு என்று பட்டிக் காவலாளி கேட்டார். "தெரியலப்பா, நல்ல குடும்பத்து மாடு மாதிரி இருக்கு" என்றேன். நிழல் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, துணைக்கு இரண்டு கிழட்டுப் பசுக்கள் இருக்கின்றன. தனியாக விட்டால் மிரண்ட மாடு அடங்காது. புல்லுக்கு நான் ஏற்பாடு செய்தேன். புகார் கொடுக்க வந்தது முதல் நேற்றுச் சாப்பாட்டு நேரம் வரைக்கும், மைக்செட் ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டியின் வேலியில் சாய்ந்துகொண்டு, காளையைக் காணவில்லை என்று போனில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தடவை செவலை அவன் தோளை முகர்ந்தது. "ச்சீ, போ" என்று தள்ளிவிட்டான். இதற்குக் காவலாளி சாட்சி.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் போய்ப் பார்த்தேன். படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. காது தளர்ந்து தொங்கியது. கூப்பிட்டதும் தலையைத் திருப்பியது. வண்டி வரலாம், கசாப்புக்காரர் டீயை முடித்துவிட்டு வரலாம், பதிவு செய்தவர்கள் பையோடு வரலாம். கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன். விற்பனை மேலாளர் மாடியிலேயே இருக்கட்டும்.

மேற்கண்டவை முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே, சில இடங்களில் என் விருப்பத்துக்கு மாறாகச் சுருக்கி, எழுதப்பட்டிருக்கிறது. "இதுல எதுதான்யா நிஜம்?" என்று உதவி ஆய்வாளர் ஐயா கேட்டபடியால், மிரண்டு ஓடிய மாட்டை அறுப்பதற்கு முன் இரண்டு நாள் சும்மா விட வேண்டும் என்று கால்வாய்க் கரையில் நான் சொன்ன அந்தச் சிறு பகுதி மட்டும் முழு உண்மை என்றும், மற்றதெல்லாம் அந்த இரண்டு நாளும் கழிவதற்காக ஐயா முன்னிலையில் சொல்லப்பட்டவை என்றும் ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
கறிச் சித்தப்பா